சால்னாவ எதுல ஊத்திக் குடுக்க?

கேள்வி, செங்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு வாசகர்:
பிளாஸ்டிக் வேண்டாம்னு யாரைக் கேட்டாலும் சொல்லுதாங்க. ஆனா கடைக்கு வரும்போது கைய வீசிட்டுதான் வாராங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து தடை, கேரளாவுல 2020 ஜனவரி 1-ல இருந்து தடை. ஆனா ரெண்டு மாநிலத்துக்கும் எல்லையில இருக்குற புளியரைக்கு இந்தப் பக்கமும் கவர் பறக்குது, அந்தப் பக்கமும் பறக்குது. ஜனங்களுக்கு அக்கறை இல்லையா, இல்ல கடைக்காரங்க நீங்கதான் மாற மாட்டேங்கீங்களா?

8 ஜூன் 2025

நான் கடைக்காரன்தான். செங்கோட்டைல இருந்து புளியரை போற ரோட்டுல புரோட்டா கடை, அப்பா ஆரம்பிச்சது, இப்ப நானும் தம்பியும் பாக்கோம். கேரளா லாரி, தென்காசி கார், குற்றாலம் சீசனுக்கு வார கூட்டம் எல்லாம் எங்க வாசலத் தாண்டித்தான் போகணும். உங்க கேள்விக்கு ஒத்த வரில பதில் சொல்ல எனக்கு வரல, போன வாரம் நடந்தத சொல்லுதேன்.

கார் பருவ நெல் சாகுபடிக்கு சித்தப்பா வயல்ல தண்ணி திறந்தாச்சு, ஆனா மடையில தண்ணி ஏறவே இல்ல. மண்வெட்டி போட்டுப் பாத்தும் அசையல, கடைசில நானும் இறங்கி கைய விட்டு இழுத்தா ஒரு சாக்கு நெறய கவர் வருது. பால் கவர், பிஸ்கட் கவர், மிச்சர் கவர் எல்லாம் உண்டு, ஆனா பாதிக்குப் பாதி சால்னா கவர். அடியில எண்ணெ மஞ்சளா காஞ்சு ஒட்டிக் கிடக்கு, உள்ள சேறு அடைச்சு கனக்குது, வாய்க்கட்டு மட்டும் கட்டின மேனிக்கே இருக்கு. யாரும் கட்ட அவுக்கது இல்ல, மூலையக் கடிச்சு ஊத்திட்டு அப்படியே வீசிருதாங்க. அந்தக் கட்டப் பாத்ததும் எனக்கு வயித்த என்னவோ பண்ணிட்டு. எங்க கடைல ரப்பர் பேண்டு போட மாட்டோம், சிவப்பு நூல்தான், ரெண்டு சுத்து சுத்தி கவர் வாய மடக்கி அது மேல இன்னொரு சுத்து, கவுத்துப் போட்டாலும் ஒழுகாது, அப்பா எங்களுக்குப் பழக்கிக் குடுத்த கட்டு. அந்தச் சாக்குல ஒன்பது கவர்ல அந்தக் கட்டு இருந்துச்சு. நான் எண்ணினேன். சித்தப்பா ஒண்ணும் சொல்லல, கரையில உக்காந்து பீடியப் பத்த வச்சாங்க.

அதனால "கடைக்காரன் மாற மாட்டேங்கானா"ன்னு நீங்க கேக்குறது எனக்கு உறைக்கத்தான் செய்யுது. புரோட்டாவுக்கு வாழை இலை இருக்கு, மேல பேப்பர் சுத்திக் குடுத்துரலாம், அதுல சங்கடமே இல்ல. சால்னாவ எதுல ஊத்திக் குடுக்கன்னுதான் இத்தனை வருசமா முழிக்கோம்.

அப்புறம் இன்னொண்ணு, கனமான கவர் குடுத்தா பரவால்லன்னு மொத்த வியாபாரி சொல்லுதாரு, 120 மைக்ரானுக்கு மேல இருந்தா சட்டப்படி ஓகேவாம். அது மாதிரி வாங்கிப் பாக்கலாம்னு இருக்கேன்.

9 ஜூன் 2025

மேல எழுதின கடைசி வரி தப்பு. 120 மைக்ரான் கணக்கு மத்திய அரசு விதி, 2022 டிசம்பர் 31-ல இருந்து கேரி பேக்குக்கு வந்தது. தமிழ்நாட்டுத் தடைல மொத்தம் 14 பொருள், அதுல கேரி பேக் எந்தக் கனமா இருந்தாலும் கூடாது. சாப்பாடு கட்டுற பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியல்ல இருக்கு. நேத்து இத எழுதினதும் ரெண்டு பேரு எடுத்துச் சொன்னாங்க, நானும் உக்காந்து படிச்சுப் பாத்தேன், அவங்க சொன்னதுதான் சரி. வியாபாரி சொன்னத நம்பி கனமான கவர் வாங்கியிருந்தா காசும் போய் மடையும் இன்னும் சீக்கிரமா அடைச்சிருக்கும்.

15 ஜூன் 2025

ஜனங்களுக்கு அக்கறை இல்லன்னு ஒரேயடியா சொல்ல எனக்கு மனசு வரல. டீ கிளாஸ் கதையப் பாருங்க.

2020 வரைக்கும் எங்க கடைல கண்ணாடி கிளாஸ்தான். கொரோனா வந்ததும் ஒருத்தரும் கிளாஸ்ல குடிக்க மாட்டேன்னுட்டாங்க, பேப்பர் கப் வாங்கினோம். நோய் போச்சு, கப் போகல. கழுவுற வேலை மிச்சம்னு எங்களுக்கும் அது பழகிட்டு. காகிதம்தானே, மக்கிரும்னு நெனச்சிருந்தோம். காகிதம் சூடான டீயத் தாங்குமா? உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, அதனாலதான் ஒழுகாம நிக்கு. ஐஐடி கரக்பூர்ல இத சோதிச்சிருக்காங்க: 85 முதல் 90 டிகிரி சூட்டுல 100 மில்லி ஊத்தி 15 நிமிசம் வச்சா 25,000 நுண் பிளாஸ்டிக் துகள் அதுல கலந்துருதாம். பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அந்த 14-ல ஒண்ணுதான்னு பட்டியலப் படிச்சப்பதான் தெரிஞ்சது, முன்னாடி நல்லது செய்யுதோம்னு நெனச்சு அந்தக் கப்புலதான் குடுத்துட்டு இருந்திருக்கோம்.

போன வருசம் திரும்ப கண்ணாடி கிளாஸுக்கு வந்தோம். நான் பயந்துட்டேதான் மாத்தினேன், கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போயிரும்னு. முதல் வாரம் நாலஞ்சு பேரு முகத்தச் சுளிச்சாங்க. அதுக்கு என்ன செஞ்சோம்னா, கழுவுற இடத்தப் பின்பக்கத்துல இருந்து வாசலுக்குக் கொண்டு வந்தோம். அண்டால வெந்நி ஆவி பறக்கும், கழுவுற அக்கா கிளாஸ அதுல முக்கி எடுத்து வரிசையா கவுத்துறத எல்லாரும் பாக்காங்க. அதோட முடிஞ்சது, இப்ப யாரும் கேக்குறதே இல்ல. கண்ணால பாத்தா நம்புதாங்க. கழுவுற அக்காவுக்கு நாளுக்கு 50 ரூபா கூட்டிக் குடுக்கோம், கப் வாங்குற காசுல பாதிகூட ஆகல.

கண்ணாடி கிளாஸ் கடைய விட்டு வெளிய போறதில்ல, அதனால இது சுளுவா முடிஞ்சது. சால்னா வீட்டுக்குப் போகுதே.

28 ஜூன் 2025

குற்றாலத்துல சீசன் நல்லா இருக்கு, ஐந்தருவில அஞ்சு பிரிவும் விழுது. காலைல ஆறு மணிக்குக் குளிக்கப் போனேன். அருவில சோப்பு, ஷாம்பு, எண்ணெ எதுவும் கூடாதுன்னு ஐகோர்ட் மதுரைக் கிளை சொல்லி வருசக்கணக்காச்சு. போர்டும் இருக்கு, போலீஸும் நிக்கு. ஆனா வழி நெடுக கடைல ஷாம்பு பாக்கெட் சரஞ்சரமா தொங்கத்தான் செய்யுது. தண்ணி வழியுற பாறை இடுக்குல விரல விட்டா வழுக்கிட்டு வருது, ஒவ்வொண்ணும் கட்டை விரல் அகலம். இந்தத் தண்ணிதான் சித்தாத்துல இறங்கி தென்காசி வழியா குளம் குளமா போய் கடைசில தாமிரபரணில சேருது.

நம்ம ஊர்க்காரங்க பலருக்கு இது தெரியாது: ஷாம்புவ சின்ன பாக்கெட்ல அடைச்சு விக்கலாங்குற யோசனை நம்ம கடலூர்ல பொறந்தது. சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், கூலி வேலை பாக்குறவனும் பணக்காரன் வாங்குறத வாங்கணும்னு நெனச்சவர். அவர் பிள்ளைங்கதான் அப்புறம் வெல்வெட், சிக் ஷாம்பு எல்லாம் கொண்டு வந்தாங்க. நெனப்புல ஒரு குத்தமும் இல்ல. எங்க ஆச்சி சீயக்கா தீந்துட்டா அந்தப் பாக்கெட்லதான் தல தேய்ச்சாங்க, முழு பாட்டில் வாங்க வீட்டுல காசு ஏது? ஆனா பாக்கெட் ரெண்டு மூணு அடுக்கா பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிச் செஞ்சது, அடுக்கப் பிரிக்க முடியாது, எந்தப் பழைய இரும்புக் கடைக்காரனும் தொட மாட்டான். தண்ணி பாட்டில பொறுக்கிட்டுப் போக ஆள் இருக்கு, ஷாம்பு பாக்கெட்டப் பொறுக்க ஒருத்தன் இல்ல.

அந்தக் காலத்துலயே சிக் கம்பெனி ஒரு திட்டம் போட்டாங்க, காலி பாக்கெட் நாலஞ்சு கொண்டு வந்தா புதுசு ஒண்ணு சும்மா. வியாபாரத்துக்காகத்தான் செஞ்சாங்க, குப்பைய நெனச்சு இல்ல. ஆனா பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன், பிள்ளைங்க தெருத் தெருவா பாக்கெட் பொறுக்கித் திரிஞ்சுதாம். தெருவுல ஒண்ணு கிடக்காதாம். காலிக்கு ஒரு விலை வந்ததும் அது குப்பையா இல்லாம போச்சு. அருவியில இருந்து வந்ததுல இருந்து இதுதான் மனசுல ஓடிட்டு இருக்கு.

6 ஜூலை 2025

முடிவு பண்ணிட்டேன். தென்காசி பாத்திரக் கடைல அரை லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி 20 வாங்கியாச்சு. சால்னா பார்சல் கேக்குறவங்ககிட்ட 150 ரூபா வாங்கிக்கிடுவோம், தூக்கு திரும்ப வந்தா 150-ம் கைல. அடியில ஆணி வச்சு நம்பர் அடிச்சிருக்கேன், 1-ல இருந்து 20. சொந்தமா பாத்திரம் கொண்டு வாரவங்களுக்கு ஒரு கரண்டி சால்னா கூட.

தம்பிக்கு சம்மதம் இல்ல. "நம்ம சால்னா விக்கோமா பாத்திரம் விக்கோமா"ன்னு கேக்கான்.

7 ஜூலை 2025

முதல் நாள் நிலவரம். 64 பார்சல் போச்சு. தூக்கு எடுத்தது 3 பேரு, சொந்தப் பாத்திரம் 5 பேரு. மிச்சம் பேருக்கு கவர்லதான் குடுத்தேன், இல்லன்னு சொல்ல தைரியம் வரல. அஞ்சு பேர்ல நாலு பேரு தெருக்காரங்க, ஒருத்தர் லாரி டிரைவர், அவரு கேபின்லயே சாப்பாட்டு கேரியர் வச்சிருக்காரு. "இத நீங்க முன்னாடியே கேட்டிருந்தா தினமும் கொண்டு வந்திருப்பனே அண்ணாச்சி"ன்னாரு. நெசம்தான், நாங்க ஒரு நாளும் யார்ட்டயும் கேட்டதே இல்ல. கவர எடுத்து ஊதி வாயத் திறக்குறதுதான் எங்க கைப் பழக்கம், வாரவங்க வாயத் திறக்குறதுக்குள்ள கட்டி முடிச்சிருவோம்.

20 ஜூலை 2025

எல்லை தாண்டி ஆரியங்காவுல எங்க அக்காவக் கட்டிக் குடுத்திருக்கு. நேத்து போயிருந்தேன். கேரளாவுல எப்படின்னு ஒருத்தர் கேட்டிருந்தாருல்ல, பாத்தத எழுதுதேன்.

அக்கா வீட்டுக் கொல்லைல துணி காயுற கொடியில பாதி துணி, பாதி பால் கவர். கழுவி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கா. காஞ்சதும் ஒரு சாக்குல போட்டு வச்சிருவா, மாசத்துக்கு ஒரு தடவை ஹரித கர்ம சேனாங்குற, வீடு வீடா குப்பை எடுக்குற பெண்கள் குழு சேச்சிமாரு வந்து எடுத்துட்டுப் போறாங்க, வீட்டுக்கு 50 ரூபா. வாசல்ல கியூஆர் கோடு ஒட்டியிருக்கு, அத போன்ல காட்டித்தான் கணக்கு எழுதுதாங்க. கழுவாத கவர் குடுத்தா திருப்பிக் குடுத்துருவாங்களாம். முதல்ல நம்ம குப்பைக்கு நாம ஏன் காசு குடுக்கணும்னு மச்சான் சண்டையே போட்டிருக்காரு. இப்ப சேச்சிமாரு வார தேதிய அவருதான் ஞாபகப்படுத்துதாராம்.

அக்கா ஒண்ணு சொன்னா, எனக்கு அது வரைக்கும் தோணினதே இல்ல. பால் கவர வெட்டும்போது மூலையத் துண்டா வெட்டி எறியக் கூடாதாம், கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி கீறி விடணும். தனியா விழுந்த அந்தச் சின்ன முக்கோணத்த யாரும் பொறுக்கவும் முடியாது, குப்பை பிரிக்குற மிசின்லயும் நிக்காது. அவ வெட்டிக் காட்டினா, கத்தரிக்கோல் ரெண்டாவது கடி கடிக்காம நிக்குற இடம் அவளுக்கு அளவா தெரியுது, துண்டு நாக்கு மாதிரி மடங்கித் தொங்குது. அங்க நின்னுட்டே எங்க கடைக் கணக்கப் போட்டேன், ஒரு நாளைக்கு 40 பால் பாக்கெட், வருசத்துக்கு 14,000 முக்கோணத்துக்கு மேல. எல்லாம் வாசல் சாக்கடைலதான் போயிருக்கு.

அங்க ஆளுங்களுக்கு அக்கறை ஜாஸ்தின்னு நான் சொல்ல வரல. தேதி சொல்லி வாசலுக்கு ஆள் வருது, அதான் காரியம். இங்க கழுவிக் காயப் போட்டாலும் யார்ட்ட குடுக்க?

22 ஜூலை 2025

"கேரளாக்காரன் வீட்டுல கழுவிக் காயப் போட்டு கடைசில லாரில ஏத்தி நம்ம ஊர்லதானே கொட்டுதான்"னு ரெண்டு பேரு காரசாரமா எழுதியிருக்காங்க. கோவம் புரியுது, எனக்கும் உண்டு. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ல ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டை மூட்டையா கிடந்தத எல்லாரும் பாத்தோம், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு கேரளாவே லாரி கொண்டு வந்து திரும்ப அள்ளிட்டுப் போனாங்க. புளியரை செக்போஸ்ட்ல குப்பை லாரி பிடிபடுறதும் எங்களுக்குப் புதுசு இல்ல, ராத்திரில கடை மூடுற நேரத்துல வாடை அடிச்சா என்ன லோடுன்னு எங்களுக்கே தெரிஞ்சு போகும்.

ஆனா அந்தக் கேஸ்ல கைதானவங்கள்ல நம்ம பக்கத்து ஆளுங்களும் உண்டு. காசு வாங்கிட்டு இடத்தக் காட்டிக் குடுக்காம ராத்திரியோட ராத்திரியா ஒரு லாரி எப்படி உள்ள வந்து கொட்டிட்டுப் போகும்? கொண்டு வந்தவனத் திட்டுற வாய் இடம் குடுத்தவனையும் திட்டணும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிலதான் இருந்துச்சு, எங்க தாத்தா திருவிதாங்கூர் காசு சக்கரத்துல சம்பளம் வாங்கினவரு. பாதி சொந்தக்காரங்க அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். எங்க அக்கா கழுவிக் குடுத்த கவரும் அந்த லாரிக் கழிவும் ஒண்ணுன்னு சொன்னா எனக்கு ஏத்துக்க முடியல.

அங்கயும் எல்லாம் சரியா நடக்குன்னு இல்ல. 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் குப்பை மலை பத்து நாளுக்கு மேல எரிஞ்சது, ஊரே புகையில மூச்சு முட்டிச்சு. அதுக்கு அப்புறம்தான் வீடு வீடா போறதக் கண்டிப்பா ஆக்கினாங்கன்னு அக்கா சொல்லுதா.

27 ஜூலை 2025

பிளாஸ்டிக்க ரோட்டுக்குப் போட்டா பிரச்சினை தீந்துரும்லான்னு ஒரு தம்பி கேக்காரு. மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்ச முறை அது, 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஜல்லிய சுமார் 160, 170 டிகிரிக்கு சூடாக்கி பொடிச்ச பிளாஸ்டிக்க அது மேல தூவினா உருகிப் பூசிக்கிடும், அப்புறம் தார். நல்ல விசயம், பெருமையான விசயம். ஆனா அதுக்கும் அழுக்கு இல்லாம காஞ்ச பிளாஸ்டிக் வேணும். எண்ணெயும் மசாலாவும் ஒட்டின சால்னா கவர யாரு கழுவிக் குடுப்பா? நான் ஒரு நாள் பத்து கவரக் கழுவிப் பாத்தேன், சோப்பு போட்டு ரெண்டு தடவை தேய்ச்சும் மஞ்சள் போகல, கை வாடையும் போகல. ஒரு தூக்குவாளி கழுவ அதுல கால்வாசி நேரம்கூட ஆகாது.

10 ஆகஸ்ட் 2025

இன்னொரு திருத்தம். பார்சல் கொண்டு போக கவருக்குப் பதிலா துணிப்பைதான் குடுக்கோம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தேன். பச்சை, ஆரஞ்சு கலர்ல வருமே, ஜவுளிக் கடைல குடுக்குற மாதிரி, புள்ளி புள்ளியா அழுத்தம் இருக்கும். ஏழாங்கிளாஸ் படிக்குற எங்க மக ஸ்கூல்ல இருந்து வந்து "அப்பா அது துணி இல்ல"ன்னா. நான் நம்பல. அடுப்படில ரெண்டு துண்ட இடுக்கில பிடிச்சுக் காட்டினா. பழைய வேட்டித் துண்டு திரி மாதிரி எரிஞ்சு சாம்பலா உதிர்ந்துச்சு. இந்தப் பைத் துண்டு சுருண்டுட்டு, சொட்டு சொட்டா உருகி சிங்க் மேல விழுந்து இறுகிட்டு, நகத்தால சுரண்டினாலும் வரல. அசல் பிளாஸ்டிக். இதுவும் அந்த 14-ல இருக்கு, நான்-ஓவன், அதாவது நெய்யாத பைன்னு போட்டிருக்கு. பட்டியல ஜூன்லயே படிச்சேன், பேரு புரியாம தாண்டிப் போயிருக்கேன்.

வீட்டுல செஞ்சு பாக்குறவங்க ஜன்னலத் திறந்து வச்சு, கையகலத் துண்டோட நிறுத்திக்கோங்க, அந்தப் புகைய மோந்து பாக்காதீங்க.

மிச்சம் இருந்த 300 பைய என்ன செய்யன்னு தெரியல. இனி வாங்க மாட்டேன். மஞ்சப்பை தைக்க எங்க தெருவுல தையல் மிசின் வச்சிருக்குற மதினிட்ட சொல்லியிருக்கேன். 2021 டிசம்பர்ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சப்ப, மஞ்சப்பைய தூக்கிட்டுப் போனா பட்டிக்காட்டான்னு சொல்லுவாங்கன்னு எங்க பக்கம் பேசினவங்க உண்டு. இப்ப கல்யாண வீட்டுல தாம்பூலத்துக்கே அதத்தான் குடுக்காங்க, ஒருத்தரும் கூச்சப்படல. எங்க வீட்டு மஞ்சப்பை ஒண்ணு அப்பா காலத்துது, ஜவுளிக் கடை பேரு அழிஞ்சே போச்சு, காதுல ரெண்டு தடவை ஒட்டுப் போட்டு இன்னும் காய்கறி வாங்கப் போகுது.

31 ஆகஸ்ட் 2025

தூக்கு கணக்கு. எட்டு வாரம் ஆச்சு. 20-ல 14 கையில இருக்கு, 4 வெளிய சுத்திட்டு இருக்கு, 2 வரவே இல்ல. வராத ரெண்டுக்கும் 150 ரூபா வாங்கினாச்சு, வாங்கின விலை 140, அதனால நட்டம் இல்ல.

150 ரூபா அதிகமோன்னு முதல்ல யோசிச்சேன். நடுவுல ரெண்டு வாரம் 50 ரூபாயாக் குறைச்சும் பாத்தேன். எடுக்குறவங்க கூடினாங்க, ஆனா திருப்பிக் கொண்டு வாரது குறைஞ்சிட்டு, மறந்துருதாங்க. 50 ரூபாய மறக்க மனசு வருது, 150 ரூபாய மறக்க வரல. திரும்ப 150 ஆக்கினதும் அந்த ரெண்டு வாரத்துல போனதுல முக்காவாசி வந்து சேந்தது, நாங்க போன் போட்டுக் கேட்டதுனால. எவ்வளவு காசுன்னா ஜனங்க திரும்ப நடந்து வருவாங்கன்னு அளந்து பாக்குற மாதிரி இருக்கு இந்த விலை.

தம்பி இப்ப வேற மாதிரி பேசுதான். தூக்கு திருப்பிக் குடுக்க வாரவங்க சும்மா போறது இல்ல, ரெண்டு புரோட்டா சாப்பிட்டுட்டுத்தான் போறாங்கன்னு அவன்தான் முதல்ல கவனிச்சான்.

டூரிஸ்ட்டுக்கு இது ஒத்து வரல, அத ஒத்துக்கணும். குற்றாலத்துல குளிச்சிட்டு மதுரைக்கோ சென்னைக்கோ போறவங்க தூக்க எப்ப திருப்பிக் கொண்டு வருவாங்க? அவங்கள உக்காந்து சாப்பிடச் சொல்லிப் பாக்கோம், நேரம் இல்லங்காங்க. அந்தப் பார்சல் இன்னும் கவர்லதான் போகுது. ஒரு நாளைக்கு 64 கவர்ல இருந்து 25-க்கு வந்திருக்கோம். பூச்சியம் ஆகல.

14 செப்டம்பர் 2025

நான் யோசிச்சது ஒண்ணும் புதுசு இல்லன்னு இப்ப தெரியுது. நீலகிரில 2022-லயே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலிய திருப்பிக் குடுத்தா 10 ரூபாயக் குடுக்காங்க, ஐகோர்ட் சொல்லி ஆரம்பிச்சது, காட்டுல உடைஞ்சு கிடக்குற பாட்டில் யானைக் கால்ல குத்துதுன்னு வந்த கேஸ். இந்த மாசம் கேரளாவுல திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டத்துல பெவ்கோங்குற அரசு மதுக்கடை சிலதுல 20 ரூபான்னு சோதனை ஓட்டம் தொடங்கியிருக்காங்க. நாம சின்னப் பிள்ளைல கோலி சோடா குடிச்சிட்டு பாட்டில எங்க போட்டோம்? பெட்டிலதான் திருப்பி வச்சோம், வைக்காட்டா கடைக்காரர் விட்டுருவாரா?

சாராயப் பாட்டிலுக்குச் செய்ய முடியுறத தண்ணிப் பாட்டிலுக்கும் எண்ணெ பாக்கெட்டுக்கும் ஏன் செய்யக் கூடாது? ஷாம்பு, பிஸ்கட்டு விக்குற பெரிய கம்பெனிங்க அவங்க போட்ட பிளாஸ்டிக்குக்கு அவங்களே பொறுப்புன்னு சட்டம் இருக்கு. ஆனா காலி பாக்கெட்ட எடுத்துட்டு எங்க கடை வாசலுக்கு இது வரைக்கும் யாரும் வரல. ஒரு பாக்கெட்டுக்கு 25 பைசா திரும்பக் கிடைக்கும்னு சொல்லட்டும், ஐந்தருவிப் பாறை இடுக்கு ஒரே வாரத்துல சுத்தமாகும், பிள்ளைங்க பாத்துக்கிடும்.

5 அக்டோபர் 2025

வியாழக்கிழமை சோதனை வந்தது. அரைக் கிலோ கவர் இருந்துச்சு, எடுத்துட்டாங்க, ஆயிரம் ரூபா அபராதம். கட்டிட்டேன், தப்பு என்மேல இருக்கு. ஆனா அந்தக் கவர நான் வாங்கினது இங்க இருந்து நூறடில இருக்குற மொத்தக் கடைல, அங்க மூட்டை மூட்டையா அடுக்கியிருக்கு, அந்தப் படிய யாரும் ஏறல. தூக்கு, நம்பர், நோட்டு எல்லாத்தையும் எடுத்துக் காட்டினேன். நல்லதுன்னு சொல்லிட்டு ரசீதக் கிழிச்சுக் குடுத்தாங்க. செய்யுற இடத்துல அடைக்காம சில்லறை விக்குறவன் கல்லாவுல கை வச்சா அடுத்த வாரம் அவன் ஒளிச்சு வச்சு குடுப்பான், அவ்வளவுதான் நடக்கும். எங்க வரிசைல அதுதான் நடக்குது இப்ப, கவர் கேட்டா முதல்ல ஆளப் பாத்துட்டு அப்புறம் குனிஞ்சு எடுக்காங்க.

அன்னைக்கு ராத்திரி தம்பிட்ட சொல்லிட்டேன், இனி கவர் வாங்க வேண்டாம். தூக்கு எடுத்தா குடு, பாத்திரம் கொண்டு வந்தா குடு, இல்லன்னா சால்னா இல்லாம கெட்டியா குருமா வச்சு இலைல கட்டிக் குடு. ரெண்டு நாள் ஆளு குறைஞ்சாங்க.

23 நவம்பர் 2025

கார்த்திகை பொறந்ததும் சாமிமார் பஸ் வர ஆரம்பிச்சாச்சு, ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை பாத்துட்டு சபரிமலை போறவங்க. போன வருசங்கள்ல ஒரு பஸ் நின்னு கிளம்பினா வாசல்ல ஒரு கூடை நெறய கப்பும் தட்டும் கிடக்கும். இந்த வருசம் ரெண்டு மூணு பஸ்ல ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர் பைல வச்சிருக்காங்க, சாப்பிட்டதும் எங்க குழாய்லயே கழுவி எடுத்துட்டுப் போறாங்க. விருதுநகர் பக்கத்து குருசாமி ஒருத்தர் சொன்னாரு, இருமுடில கற்பூரம், பன்னீர், சாம்பிராணியும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம்னு தேவசம் போர்டே சொல்லிட்டாங்க, தட்டு மட்டும் எதுக்கு பிளாஸ்டிக்ல தூக்கணும்னு. மலைல சாமியே கேட்டா மறுக்க முடியாதுன்னு சிரிச்சாரு.

கவர் நிறுத்தி ஏழு வாரம். வியாபாரம் அக்டோபர்ல கொஞ்சம் இறங்கி இப்ப பழைய அளவுக்கு வந்திருக்கு, கெட்டிக் குருமாவுக்குன்னு தனியா ஆளு சேந்திருக்கு. சித்தப்பா பிசானப் பருவ நெல் நடவுக்குத் தண்ணி திறந்தப்ப நானும் போனேன். மடையில கவர் இருந்துச்சு, சாக்கு இல்ல, ரெண்டு கை அள்ளு. ஒவ்வொண்ணா புரட்டிப் பாத்தேன். சிவப்பு நூல் கட்டு ரெண்டு இருந்துச்சு, பழசா புதுசான்னு சொல்ல முடியல, சேறு ஏறிப் போய் இருக்கு.

தூக்கு இப்ப 60 ஆக்கியாச்சு. இதுல எதிர்பாக்காத தொந்தரவு ஒண்ணு, தூக்கு ஒழுங்கா வந்துருது, மூடி வர மாட்டேங்கு. வீட்டுல கழுவி தனித்தனியா கவுத்துறதுல மூடி அவங்க வீட்டுப் பாத்திரத்தோட கலந்துருது போல. பதினோரு மூடி காணோம். தம்பி மூடிக்கும் காதுக்கும் சின்னச் சங்கிலி மாட்டலாங்கான், எனக்கு அது கழுவச் சங்கடம்னு தோணுது. அரை லிட்டர் தூக்குக்கு மூடி மட்டும் தனியா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, வாய் அளவு நாலு அங்குலம்.